மடங்குவதைவிடக் காய்வது முக்கியம்: கேம்பர்வேன் சமையலுக்குப் பாத்திரம் சேர்த்த அனுபவம்

படுக்கவும் சமைக்கவும் வசதி செய்த வேனான கேம்பர்வேனுக்குப் பாத்திரம் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு சின்னதாக அடங்கும்? கடைகளும் அந்தக் கேள்விக்குத்தான் பதிலைத் தயாராக வைத்திருக்கின்றன. மடிகிற கெட்டில், மடிகிற வடிதட்டு, மடிகிற வாளி, அமுக்கினால் தட்டையாகிவிடுகிற டம்ளர். வேனில் தொடர்ந்து சமைக்க ஆரம்பித்த பிறகு நான் கேட்கிற கேள்விகள் வேறாகிவிட்டன. இதைக் கழுவ எவ்வளவு தண்ணீர் செலவாகும்? கழுவியதை எங்கே வைத்து, எவ்வளவு நேரம் காயவைப்பது? இடம் குறைவாக இருந்தால் ஏதாவது ஓர் அடுக்கு முறையைக் கண்டுபிடித்துச் சமாளித்துவிடலாம். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு தண்ணீர் தேடிப் போக வேண்டியதுதான்.

எங்கள் வேன் பெரியதல்ல. இரண்டு பர்னர் கொண்ட கேஸ் ஸ்டவ், ஒரு சின்ன சிங்க், 50 லிட்டர் நல்ல தண்ணீர், அதைவிடக் குறைவாகப் பிடிக்கிற கழிவுநீர்த் தொட்டி. பாத்திரத்துக்கென்று ஆழமான ஓர் இழுப்பறை, தலைக்கு மேலே ஓர் அலமாரி. நிரந்தரமாக இரண்டு பேர், எப்போதாவது நான்கு பேர். அந்த 50 லிட்டரில்தான் குடிப்பது, சமைப்பது, பல் துலக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம். குடிக்கிற தண்ணீரிலும் சமைக்கிற தண்ணீரிலும் கை வைக்க முடியாது. மிச்சம் பிடிக்க இடம் இருப்பது பாத்திரம் கழுவுவதில்தான். அடிப்பிடிக்கிற ஒரு சட்டி, பச்சைத் தண்ணீரில் எண்ணெயை விடவே விடாத ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், விளிம்பு மடிப்புக்குள் சோப்பு நுரை ஒளிந்துகொள்கிற ஒரு டப்பா, இவை மூன்றும் ஒரே வேளையில் சிங்குக்கு வந்தால் ஐந்தாறு லிட்டர் போய்விடும். வழவழப்பான எவர்சில்வராக இருந்தால் அதே சாப்பாட்டுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டரில் முடித்துவிடுகிறோம்.

கடைக்குப் போகும் முன் அளவுநாடாவை எடுங்கள். பாத்திரத்தில் 20 செ.மீ. என்று போட்டிருப்பது பெரும்பாலும் மேல்வாயின் குறுக்களவு. அடிப்பாகம் அதைவிடச் சின்னதாக இருக்கும். கைப்பிடியும் காதும் அந்தக் கணக்கில் வராது. மூடியின் குமிழையும் சேர்த்து உயரம் என்ன என்பதை யாரும் எழுதி ஒட்டுவதில்லை, ஆனால் இழுப்பறை மூடுமா மூடாதா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குமிழ்தான். ஸ்டவ்வில் இரண்டு பர்னர்களின் மையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அது 22 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 24 செ.மீ. வாணலி, மறுபக்கம் 16 செ.மீ. பாத்திரம் என்றால் ஆரங்கள் 12-ம் 8-ம் சேர்ந்து 20, இரண்டும் உட்கார்ந்துவிடும். இரண்டுமே 24 என்றால் முடியாது, ஒன்றை ஒன்று தள்ளும். ‘இரண்டு அடுப்பு’ ஸ்டவ் வைத்திருக்கிற பலர் உண்மையில் ஓர் அடுப்பில்தான் சமைக்கிறார்கள், காரணம் வாங்கிவைத்த பாத்திரத்தின் அகலம். சிங்கையும் அளக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய பாத்திரம் சிங்குக்குள் சமமாகப் படுக்க வேண்டும். சாய்த்துப் பிடித்துக் கழுவினால் தண்ணீர் மேடையில் ஓடி, இழுப்பறைக்குள் சொட்டி, அங்கே இருக்கிற மரத்தை ஊறவைக்கும்.

அட்டையில் வட்டங்கள் வெட்டி ஸ்டவ் மேலும் சிங்குக்குள்ளும் வைத்துப் பார்ப்பது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும். செய்து பாருங்கள். கால் மணி நேரத்தில் எந்த அளவுகள் வேண்டும் என்று தெளிவாகிவிடும். எங்களுக்கு 24, 18, 16 என்று வந்தது. இரண்டு பேருக்கான பெரும்பாலான வேன்களுக்கு ஏறக்குறைய இதே அளவுகள்தான் வரும் என்று நினைக்கிறேன்.

அளவில் ஆபத்தும் இருக்கிறது. பர்னரை முழுக்க மறைக்கிற அகலமான பாத்திரத்தை வைத்தால் சுடருக்குக் காற்று சரியாகக் கிடைக்காது. அரைகுறையாக எரிகிற கேஸ் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மேலே அதற்கான அலாரம் இருக்க வேண்டும். பக்கத்திலேயே கேஸ் குடுவை மாட்டுகிற கேசட் ஸ்டவ் என்றால் இன்னும் கவனம். பெரிய வாணலி அந்தக் குடுவையின் மேலேயும் நீட்டிக்கொண்டிருந்தால் சூடு திரும்பிக் குடுவையில் இறங்கும். அந்த ஸ்டவ்களின் கையேட்டில் இது கட்டாயம் எச்சரிக்கையாக இருக்கும், யாரும் படிப்பதில்லை.

இப்போது மடிகிற சாமான்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தீ படுகிற எதுவும் மடியக் கூடாது. மடிகிற கெட்டிலில் அடி உலோகம், உடம்பு சிலிகான். அடிக்கு வெளியே சுடர் கொஞ்சம் நீண்டாலும் சிலிகான் கருகும். ஆகவே எப்போதும் சிறுதீயில்தான் வைக்க முடியும், தண்ணீர் கொதிக்க நேரமாகும். கொதித்த பிறகு தூக்கினால் உடம்பு லேசாக நெளியும். கொதிநீரை வைத்துக்கொண்டு நெளிகிற பாத்திரத்தைச் சாய்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை. வாணலி, சட்டி வகைகளில் இன்னொரு தொல்லை, அந்த மடிப்புகள். விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு மடிப்பின் பள்ளத்திலும் மெல்லிய பளபளப்பாக ஒரு கோடு தெரியும், முந்தாநாள் எண்ணெய். விரல்நகத்தை ஓட்டினால் பிசுக்கென்று வரும். அதை எடுக்கச் சுடுதண்ணீரும் பிரஷ்ஷும் வேண்டும். சிலிகான் வாசனையையும் லேசில் விடாது. வெங்காயம் வெட்டிப் போட்ட கிண்ணத்தில் மறுநாள் பழம் போட்டுச் சாப்பிட்டால் தெரியும்.

விதிவிலக்கு இரண்டு உண்டு. வடிதட்டும் பாத்திரம் கழுவும் தொட்டியும். இரண்டும் தீயைப் பார்ப்பதில்லை, எண்ணெயை அதிகம் பார்ப்பதில்லை, மடக்கினால் இரண்டு விரல் தடிமனுக்கு வந்துவிடும். மடிகிற தொட்டியை நான் சிங்குக்குள் வைத்துத்தான் கழுவுகிறேன். கழுவிய தண்ணீரை வெளியே எடுத்துப் போய் அதற்கென்று இருக்கிற இடத்தில் கொட்டிவிடலாம், கழிவுநீர்த் தொட்டி சீக்கிரம் நிரம்பாது.

இடத்தை உண்மையாகவே மிச்சப்படுத்துவது அடுக்குப் பாத்திரம். ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும், மேலே ஒரே ஒரு தட்டை மூடி. இதற்குத் தடையாக இருப்பது கைப்பிடிதான். நீளமான கைப்பிடி வைத்த மூன்று பாத்திரங்கள் இழுப்பறையில் ஒரு கிளை விரித்த செடியின் இடத்தை எடுத்துக்கொள்ளும். கழற்றி மாட்டுகிற கைப்பிடி கொண்ட செட்டுகள் இதற்காகவே வருகின்றன. டெஃபால் நிறுவனத்தின் இன்ஜீனியோ வகை பலருக்கும் தெரிந்திருக்கும், படகுகளுக்காகச் செய்கிற செட்டுகளிலும் இந்த முறை உண்டு. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கைப்பிடியை மாட்டித் தூக்கும்போது ஆட்டம் இருக்கிறதா. இரண்டு, கைப்பிடி கவ்வுகிற இடத்தில் உள்பூச்சு தேயுமா. பல செட்டுகளில் கவ்வுகிற நாக்கு பாத்திரத்தின் உள்பக்கம் இறங்குகிறது. நாளடைவில் அந்த இடத்தில்தான் நான்ஸ்டிக் முதலில் உரியும். மூன்று, கைப்பிடி தனியாகக் கிடைக்குமா. அது உடைந்தால் மொத்த செட்டும் முடங்கிவிடும்.

இந்த வசதிக்குப் பழைய மாற்று ஒன்று இருக்கிறது. கைப்பிடியே இல்லாத, வாய் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்த எவர்சில்வர் பாத்திரங்கள், கூடவே ஒரு நல்ல இடுக்கி. மலையேறுகிறவர்களின் அலுமினியச் செட்டோடு வருவதும் இதே இடுக்கிதான். விளிம்பை இறுகப் பிடித்துவிட்டால் எந்த நவீனக் கைப்பிடிக்கும் இது குறைந்ததல்ல. எங்கள் 18-ம் 16-ம் இப்படித்தான் இருக்கின்றன. இடுக்கி இரண்டு வைத்திருக்கிறோம், ஒன்று எப்போதும் ஸ்டவ் பக்கத்துக் கொக்கியில்.

உலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் எடையைத்தான் பேசுவார்கள். அடர்த்தியைப் பார்த்தால் ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் 4.5, எஃகு ஏறக்குறைய 8. டைட்டானியம் உறுதியானது, அதனால் மெல்லிய தகடாகவே பாத்திரம் செய்துவிடுவார்கள், எடை இறங்கிவிடும். ஆனால் சமைப்பதற்குச் சூடு பரவ வேண்டுமே! அலுமினியம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். டைட்டானியம் இந்த விஷயத்தில் எவர்சில்வரைப் போலவே மந்தம், அதோடு தகடும் மெல்லியது. சுடர் படுகிற வட்டத்தில் மட்டும் கருகும், ஓரத்தில் வேகாது. தண்ணீர் கொதிக்கவைக்க அது அருமையான பாத்திரம். முதுகில் சுமந்து நடக்கிறவர்களுக்குக் கிராம் கணக்கு முக்கியம், அவர்கள் வாங்கட்டும். வேனில் சக்கரம்தான் சுமக்கிறது. அந்தப் பணத்துக்கு, அடிப்பாகத்தில் அலுமினியத் தகட்டை நடுவில் வைத்து அழுத்திய எவர்சில்வர் பாத்திரம் வாங்கலாம். கடைகளில் சாண்ட்விச் பாட்டம் என்று சொல்வார்கள். அடிப்பிடிப்பது குறையும், நாரைப் போட்டுத் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது, காந்தம் ஒட்டுகிற அடியாகப் பார்த்து வாங்கினால் பின்னால் இண்டக்‌ஷனுக்கும் ஆகும்.

பூச்சில்லாத வெறும் அலுமினியம் மலிவு, லேசு. ஆனால் வண்டி ஓடும்போது ஒன்றோடொன்று உரசி, துணியிலும் கையிலும் கறுப்பாக ஒட்டும். புளிப்பான எதையும் அதில் நெடுநேரம் வைக்கக் கூடாது, உலோகம் கரைந்து உணவில் இறங்கும்.

வார்ப்பிரும்பு மேல் ஆசைப்படாதவர்கள் குறைவு. 26 செ.மீ. வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றே இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். எடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மூடிய வேனுக்குள் இரவு முழுக்க ஈரம் தேங்கும், காலையில் செம்பழுப்பாகத் துரு எட்டிப் பார்க்கும். நெருப்பு மூட்டி வெளியே சமைக்கிறவர்களுக்கு அதற்கு ஈடு இல்லை. வேனுக்குள் சமைக்கிறவர்களுக்கு மெல்லிய கார்பன் ஸ்டீல் சட்டி பாதி வழியில் கைகொடுக்கும். அதற்கும் எண்ணெய் தடவிக் காப்பாற்ற வேண்டும்.

நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம் என்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. காரணம் மறுபடியும் தண்ணீர்தான். முட்டை பொரித்த நான்ஸ்டிக் வாணலியை ஒரு தாளால் துடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பி.டி.எஃப்.இ. என்கிற பொருள்தான் பெரும்பாலான நான்ஸ்டிக் பூச்சுகளின் அடிப்படை. சுமார் 260 டிகிரி வரை அது தாங்கும், அதற்கு மேல் கெட ஆரம்பிக்கும், இன்னும் ஏறினால் தீங்கான புகை வரும். வெறும் வாணலியைப் பெருந்தீயில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் அந்தச் சூட்டை எட்டச் சில நிமிடங்களே போதும். வீட்டுச் சமையலறையில் அந்தப் புகை கலைந்துபோக இடம் இருக்கிறது. வேனில் நீங்கள் படுக்கிற இடமும் அதுவேதான். கூடப் பறவை வளர்க்கிறவர்கள் இருந்தால் நான்ஸ்டிக்கை விட்டுவிடுங்கள், அந்தப் புகை பறவைகளைக் கொன்றுவிடும். பூச்சைக் காப்பாற்ற மரக் கரண்டி, சிலிகான் கரண்டி எல்லாம் எல்லோரும் சொல்வது. வேனில் பூச்சைக் கெடுப்பது கரண்டியைவிட ஓட்டம்தான். வாணலிக்குள் வைத்த எவர்சில்வர் பாத்திரம் கரடுமுரடான சாலையில் மணிக்கணக்காக உள்ளே அரைத்துக்கொண்டே வரும். நடுவில் ஒரு கம்பளித் துண்டோ பழைய டவலோ போடாமல் எதையும் அடுக்காதீர்கள்.

ஒரே ஒரு சாமானுக்காக மற்ற எல்லாவற்றையும் இறக்கிவைக்கச் சொன்னால் நான் பிரஷர் குக்கரைத்தான் பிடித்துக்கொள்வேன். எரிபொருள் மிச்சம், நேரம் மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வேனில் அதைவிடப் பெரிய லாபம் நீராவி. ஒரு கிலோ கேஸ் எரிந்தாலே ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிவருகிறது. எரிதலின் வேதியியல் அப்படி. அதன் மேல் திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்கவைக்கிற ஆவியும் சேர்ந்தால் குளிர் இரவில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வடியும், மெத்தையின் ஓரம் நமுத்துப்போகும், கொஞ்ச நாளில் பூஞ்சை. குக்கரில் வேகவைத்தால் எரிகிற கேஸும் குறைவு, வெளியேறும் ஆவியும் குறைவு. அழுத்தம் இறங்கிய பிறகு மூடியை ஜன்னலோரம் வைத்துத் திறப்பது எங்கள் பழக்கம்.

மலைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு காரணம். 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்துக்கொண்டே இருக்கும், பருப்பும் கிழங்கும் வேகாது. குக்கருக்குள் சாதாரணமாக 115 முதல் 120 டிகிரி வரை ஏறும்; மலையில் அது கொஞ்சம் இறங்கினாலும் வேலை நடக்கும். இரண்டு பேருக்கு 3 லிட்டர் போதும். அழுத்தம் போடாமல் வெறும் பாத்திரமாகவும் அதைப் பயன்படுத்தலாம் என்பதால் ‘பெரிய பாத்திரம்’ என்று தனியாக ஒன்று வேண்டாம். காஸ்கெட் ஒன்றும் சேஃப்டி வால்வு ஒன்றும் மாற்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் உங்கள் மாடலுக்குரியது கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

குக்கர் வேண்டாம் என்பவர்கள் சூட்டைப் போர்த்திவைக்கும் முறையைப் பார்க்கலாம். கொதி வந்து சில நிமிடம் ஆனதும் பாத்திரத்தை இறக்கி, மூடியோடு கனமான போர்வையிலோ அதற்கென்று விற்கிற உறையிலோ சுற்றிவைத்தால் அடுப்பில்லாமலே வெந்துகொண்டிருக்கும். பாத்திரம் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும், காலி இடம் இருந்தால் சூடு நிற்காது. 60 டிகிரிக்குக் கீழே போய் நெடுநேரம் கிடந்த உணவில் கிருமி பெருகும் என்பதால் மாலை வரை விட்டுவைக்காமல் சாப்பிட்டுவிட வேண்டும். ஆறியிருந்தால் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகு.

தட்டு, கிண்ணம் விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி. எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. பீங்கான் தட்டில் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்பது என் மனைவியின் வாதம். “ஏங்க, வண்டியில போறோம்னா தினமும் பிக்னிக் மாதிரியே சாப்பிடணுமா?” என்று கேட்டாள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாள்கணக்காக வேனில் இருக்கப் போகிறவர்களுக்குத் தட்டு வெறும் சுமைக் கணக்கு அல்ல. கடைசியில் மெல்லிய அடுக்குக் கண்ணாடித் தட்டில் சமரசம் ஆனது. 1970-இல் கார்னிங் நிறுவனம் கோரெல் என்ற பெயரில் கொண்டுவந்த வகை அது: மூன்று அடுக்குக் கண்ணாடியை ஒட்டிச் செய்தது, பீங்கானைவிட மெல்லியது, நான்கு தட்டுகளை அடுக்கினாலும் உயரம் தெரியாது. எண்ணெய் ஒட்டாது, வாசனை பிடிக்காது, இரண்டு கைப்பிடி தண்ணீரில் சுத்தமாகிவிடும். லேசில் உடையாது. உடைந்தால் மட்டும் கூர்மையான சில்லுகளாகச் சிதறும், வெறுங்காலோடு வேனுக்குள் நடக்கிறவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும். டம்ளர்களுக்கு டியூராலெக்ஸ் போன்ற பதப்படுத்திய கண்ணாடி நன்றாக உழைக்கிறது.

மெலமைன் என்கிற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த தட்டுகளைக் கேம்பிங் கடைகளில் மலைபோல் குவித்திருப்பார்கள். லேசானது, உடையாது, அழகான நிறங்கள். ஆறிய உணவுக்குச் சரி. ஆனால் 70 டிகிரிக்கு மேல் சூடான உணவுக்கும் பானத்துக்கும் அது ஏற்றதல்ல என்பது ஜெர்மன் அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பி.எஃப்.ஆர். சொல்கிற அளவு; அதற்கு மேல், அந்தப் பிளாஸ்டிக்கைச் செய்கிற மெலமைன், ஃபார்மால்டிஹைட் என்ற வேதிப்பொருள்கள் உணவில் இறங்கும். கொதிக்கக் கொதிக்கப் பரிமாறுகிற பழக்கம் இருந்தால் யோசியுங்கள். ‘மூங்கில் நார்’ என்று பசுமையாக விற்கப்படும் கோப்பைகளில் பல, மூங்கில் பொடி கலந்த அதே மெலமைன்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் இவற்றைச் சந்தையிலிருந்து அகற்ற நடவடிக்கை எடுத்தது. இயற்கை என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வாங்கிவிடாதீர்கள்.

எனாமல் பூசிய இரும்புத் தட்டும் கோப்பையும் படத்தில் அழகு. சூடான பானம் ஊற்றினால் உதடு சுடும், கீழே விழுந்தால் பூச்சு தெறித்து அந்த இடத்தில் துரு.

எந்தப் பொருளாக இருந்தாலும் வடிவத்தில் ஒரு யோசனை. தட்டும் கிண்ணமும் தனித்தனியாக வாங்காமல் 20 அல்லது 22 செ.மீ. அகலமும் நான்கைந்து செ.மீ. குழிவும் உள்ள தட்டாக வாங்குங்கள். குழம்பாக இருந்தாலும் உலர்ந்ததாக இருந்தாலும் அதிலேயே சாப்பிடலாம். வெளியே மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஓரம் இருக்கும், காற்றில் பறக்காது. அதே அளவு பாத்திரத்துக்கு மூடியாகவும் கவிழ்க்கலாம். எங்கள் 18 செ.மீ. பாத்திரத்துக்குத் தனி மூடியே கிடையாது. கோப்பைகளில் காது வைத்தவை ஒன்றுக்குள் ஒன்று இறங்காது. இரட்டைச் சுவர் எவர்சில்வர் டம்ளர்கள் கையும் சுடாது, பானமும் ஆறாது, ஆனால் சுவர் தடிமன் காரணமாக அவையும் முழுக்க உள்ளே இறங்குவதில்லை. இரண்டு பேருக்கு இரண்டு என்பதால் பொறுத்துக்கொள்கிறோம். கரண்டி, முள்கரண்டியில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை, வீட்டில் இருப்பதையே எடுத்துப் போங்கள். ஒரு பக்கம் கரண்டி, மறுபக்கம் முள் என்று வருகிற இரட்டைப் பிறவிகள் இரண்டு வேலையையும் அரைகுறையாகத்தான் செய்கின்றன.

சத்தத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே எச்சரிப்பதில்லை. நல்ல சாலையில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் மேடுபள்ளம் வந்தால் பின்னால் ஒரு பாத்திரக்கடையே உருளும். இதில் தந்திரம் என்னவென்றால், மோட்டாக வருகிற சத்தத்தைக் கண்டுபிடித்துவிடலாம், ‘டிங்... டிங்...’ என்று ஒரே சீராக வருவதுதான் பிடிபடாது. மனைவி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து இழுப்பறையில் ஒவ்வொரு சாமானாகக் கையால் அமுக்கிக்கொண்டே வந்தேன். குக்கரையும் வாணலியையும் அமுக்கினாலும் நிற்கவில்லை. தட்டுகளை அமுக்கினேன், அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் வடிகட்டியின் கம்பிக் கைப்பிடி, கொக்கியில் தொங்கிக்கொண்டு இடுக்கியின் முனையை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு ரப்பர் பேண்டில் முடிந்தது. பொதுவாக, இழுப்பறையின் அடியில் வழுக்காத ரப்பர் வலை விரிப்பு, தட்டுகளுக்கு இடையே துணி, பக்கவாட்டில் மிஞ்சும் இடத்தில் டவலைத் திணிப்பது, இவ்வளவும் செய்தால் போதும். அந்த டவல்களே பாத்திரம் துடைக்கவும் ஆகும். கனமானவை கீழே, தரையோடு ஒட்டி. தலைக்கு மேல் அலமாரியில் துணி, காகிதம், லேசான டப்பாக்கள் மட்டும். அவசர பிரேக் போட்டால் குக்கர் பறந்து வருவதை யாரும் விரும்பமாட்டோம். கத்திக்கு உறை கட்டாயம்.

வெட்டுப் பலகையை சிங்கின் அளவுக்கே வாங்குங்கள். சிங்கை மூடிக்கொண்டு அது உட்கார்ந்தால் மேடை இரண்டு மடங்காகிவிடும். ஓவன் இல்லாத குறைக்கு, ஸ்வீடனிலிருந்து வரும் ஓம்னியா என்கிற, அடுப்பு மேல் வைக்கிற வளைய வடிவ ஓவனைப் பலர் புகழ்கிறார்கள். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் 25 செ.மீ. அகல வளையத்துக்குள் வேறு எதையும் அடுக்கிவைக்க வசதியில்லை. வாரத்துக்கு இருமுறையாவது ரொட்டியோ கேக்கோ சுடுகிறவர்கள் வாங்கலாம்.

இண்டக்‌ஷன் பக்கம் போக நினைப்பவர்கள் பாத்திரத்துக்கு முன் பேட்டரியைப் பார்க்க வேண்டும். 1,800 வாட் அடுப்பு 12 வோல்ட்டில் 150 ஆம்பியர் இழுக்கும், இன்வெர்ட்டரின் இழப்பு தனி. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கக் கணக்குப்படி 93 வாட்-மணி போதும், நடைமுறையில் 110, 120 ஆகும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறத்தாழ 1,280 வாட்-மணி இருக்கும். தேநீருக்கும் சிறு சமையலுக்கும் தாங்கும். நாள் முழுக்கச் சமைத்தால் தாங்காது. பாத்திரத்தின் அடி மிகச் சின்னதாக இருந்தால் சில அடுப்புகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை, காபி போடுகிற சின்ன மோக்கா குடுவையோடு போகிறவர்கள் முதலில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கழுவுகிற முறையைச் சொல்லாமல் பாத்திரப் பேச்சு முடியாது, இரண்டும் ஒன்றோடொன்று கட்டியவை. சாப்பிட்டு முடித்த சூட்டோடு சிலிகான் துடுப்பால் தட்டை வழித்து, ஒரு தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறோம். எண்ணெய் கழிவுநீர்த் தொட்டிக்குள் போனால் இரண்டே நாளில் நாற்றம் கிளம்பிவிடும். பிறகு ஸ்ப்ரே பாட்டிலில் கொஞ்சம் சோப்பு கலந்த தண்ணீர், அதை அடித்துத் தேய்ப்பது. இன்னொரு ஸ்ப்ரே பாட்டிலில் நல்ல தண்ணீர், அலசுவதற்கு. குழாயைத் திறப்பதே இல்லை. உள்மூலைகள் உருண்டையாக, விளிம்பு மடிப்பில் இடுக்கு இல்லாமல், ஆணி தெரியாமல் இருக்கிற பாத்திரங்கள்தான் இந்த முறைக்கு ஒத்துவரும். கடையில் பாத்திரத்தைக் கையில் எடுத்ததும் நான் உள்ளே விரலை ஓட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். கைப்பிடியின் ஆணித்தலை உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் அதைச் சுற்றி அழுக்கு தங்கும். அதைக் குடைய ஒரு பல்குச்சியும் அரை லிட்டர் தண்ணீரும் கூடுதல் செலவு.

ஈரத்தோடு அடுக்கக் கூடாது. ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக உட்கார்கிற பாத்திரங்களுக்கு நடுவே ஒரு துளி ஈரம் இருந்தாலும் காற்றுப் படாமல் மறுநாள் வாடை அடிக்கும். இரண்டு ஒட்டிக்கொண்டு பிரியவே மறுப்பதும் உண்டு. அலசியதும் துணியால் துடைத்து, இன்னும் இளஞ்சூடாக இருக்கிற பர்னர் கம்பிகளின் மேல் கொஞ்ச நேரம் கவிழ்த்துவைத்துப் பிறகு அடுக்குகிறோம். மெலமைனும் சிலிகானும் இப்படிச் சட்டென்று காய்வதில்லை, கண்ணாடியும் உலோகமும் காய்ந்துவிடும்.

இப்போது இழுப்பறையில் இருப்பது: குக்கர், 24 செ.மீ. நான்ஸ்டிக் வாணலி, கைப்பிடியில்லாத இரண்டு பாத்திரங்கள், தட்டை மூடி ஒன்று, மடிகிற வடிதட்டு, நான்கு குழிவான தட்டுகள், கோப்பைகள், இடுக்கி, இரண்டு கத்தி. கெட்டில் மட்டும் இன்னும் வழக்கில் இருக்கிறது. தண்ணீர் கொதிக்கவைக்க 16 செ.மீ. பாத்திரமே போதும் என்கிறேன் நான். “காலையில தூக்கக் கலக்கத்துல இடுக்கியால கொதிதண்ணிய ஊத்தச் சொல்றீங்களா?” என்கிறாள் அவள். கெட்டில் வண்டியில்தான் இருக்கிறது, உள்ளே டீத்தூள் டப்பாவும் சர்க்கரை டப்பாவும் வைத்து இடத்தை ஈடுகட்டியிருக்கிறோம். நான்கு பேருக்கு மேல் வந்தால், அவரவர் தட்டை அவரவர் கொண்டுவரச் சொல்லிவிடுகிறோம்.